முகக் கவசம் பூண்ட கோல் காவலர்

பந்தாட்டங்கள் பலவற்றுள்ளும் கோல் காவலராய் நிற்பாரது நிலைமை தனித்ததொன்றாகும். ஏனையோர் செய்யும் பிழை ஆட்டத்தின் பரபரப்பில் மறைந்துபோதல் உண்டு. முன்னணியில் ஆடுவோன் பத்துமுறை குறிதவறினும், பதினோராம் முறை அடித்த அடி ஒன்று பலித்துவிடுமாயின் அவனைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு ஆடுவர். காவலனுக்கோ அவ்வாறன்று. அவன் பத்துமுறை தடுத்ததனை எவரும் கணக்கிட்டு வைப்பதில்லை. பதினோராம் முறை தவறியது மட்டும் பலகையில் எண்ணாக எழுதப்படுகின்றது. பனிக்கட்டி ஹாக்கியிலே இதனினும் கடுமையானதோர் ஏற்பாடு உண்டு. வட்டு கோலினுட் புகுந்த அக்கணமே காவலனுக்குப் பின்னே ஒரு செவ்விளக்கு எரியும். தம் தொழிலிலே பிழை நேருந்தோறும் தலைக்குப்பின் செவ்விளக்கு எரிந்து, பதினையாயிரம் பேர் எழுந்து கூச்சலிடுவராயின் அத்தொழிலை எவர்தாம் விரும்புவர் என்று கேட்டார் ஒருவர். அவர்தாம் கனடா தேயத்து ஜாக் பிளாண்ட் என்பவர். அவரது விளையாட்டு வாழ்க்கையே ஈண்டு யாம் எழுதப் புகுந்த பொருள்.

நம் கல்லூரி மைதானத்தில் ஹாக்கி ஆடும் அன்பர்க்கு இவ்வாட்டம் முற்றும் புதிதாகத் தோன்றாது. எனினும், வேறுபாடுகள் சிலவற்றை முதற்கண் கூறிவிடுதல் நலம். இது புற்றரைமீது ஆடப்படுவதன்று. ஏறக்குறைய 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள உறைபனித் தளத்தின்மீது, அடியில் எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து, வழுக்கிச் சென்று ஆடப்படுவது. ஒரு பக்கத்துக்கு அறுவர். அவருள் ஒருவர் காவலர். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. பந்துக்குப் பதிலாக இறுகிய ரப்பரினாலாகிய வட்டொன்று வழங்கப்படும். மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலக் கனமும் உடைய அது, ஆறு அவுன்சுக்குச் சற்றே குறைந்த நிறையுள்ளது. பனிமீது வழுவழுவென்று சறுக்கிச் செல்லும்போது பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். மட்டையால் ஓங்கி அடிக்கப்பட்டு அது மேலெழும்பிவிட்டாலோ கவண்கல்லின் தன்மையை அடைந்துவிடும். ஆட்டத்திற்கு முன் அதனைக் குளிரூட்டி உறையச்செய்வது வழக்கமாதலின், அதன் விளிம்பின் கடுமை இன்னும் மிகும். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள கோலின் முன்னே நின்று, இக்கல்லைத் தம் உடம்பினால் தடுப்பதே காவலரின் கடமை. கால்களுக்குப் பெருந்தடுக்குகள் உண்டு. மார்புக்கும் தோளுக்கும் திண்டுகள் உண்டு. கைகளுக்கு உறைகள் உண்டு. முகத்துக்கு மட்டும் 1959ஆம் ஆண்டின் பிற்பகுதிவரையில் ஒன்றும் இல்லை. வியப்பேயாயினும் இது உண்மை.

பிளாண்ட் 1929ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் மாகாணத்தில் மோன் கார்மெல் என்னும் சிற்றூரையடுத்துப் பிறந்தார். பின்பு குடும்பம் ஷாவினிகன் ஃபால்ஸ் என்னும் தொழில் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் தொழிற்சாலைத் தொழிலாளி. மக்கள் பதினொருவர், அவருள் இவரே மூத்தவர். வரும்படி சிறிது, வயிறுகள் பல என்னும் குடும்பங்களை நாமும் அறிவோம்; அத்தகையதே இது. முதன்முதல் இவர் கையிலெடுத்த காவலர் மட்டை, தந்தையார் மரத்தின் வேரொன்றைச் செதுக்கிக் கொடுத்தது. காலுக்குத் தடுக்கு வாங்கப் பொருளின்மையால், உருளைக்கிழங்குச் சாக்குகளில் மரச்சட்டங்களைச் செருகிக் கட்டிக்கொண்டார். குளிருக்கான கம்பளிக் குல்லாக்களைக் கடையில் வாங்க வழியில்லை. ஆகவே தாயாரிடம் பின்னல் வேலையைக் கற்று, தம் குல்லாக்களைத் தாமே பின்னிக்கொண்டார். பிற்காலத்திலே புகழின் உச்சியில் இருந்தபோதும் அப்பழக்கத்தை அவர் விட்டாரில்லை. ஊர்விட்டு ஊர் செல்லும் புகைவண்டியிலே மற்றை ஆட்டக்காரர் சீட்டாடிக்கொண்டிருக்க, இவர் ஊசியும் நூலுமாய் அமர்ந்திருப்பாராம். அதனை நகைத்தோரும் பலர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

அவர் காவலரானதற்குக் காரணம் வீரமன்று, நோயே. குழந்தைப் பருவந்தொட்டே ஈளைநோய் அவரை வருத்திற்று. நெடுநேரம் பனிமீது ஓடியாடினால் மூச்சு முட்டும். ஓடாது நிற்கும் இடம் ஆட்டத்தில் ஒன்றே. அங்கே அவர் நின்றார். இயலாமையினாற் கிடைத்த இடத்தை அவர் எவ்வாறு ஆண்டார் என்பதே பின்வரும் வரலாறு. பதினைந்தாம் வயதிலே ஒரு தொழிற்சாலைக் குழுவுக்கு ஆடியபொழுது, ஊதியம் கேள் என்று தந்தையார் சொல்ல, இவரும் போய்க் கேட்டார். ஆட்டம் ஒன்றுக்கு 50 சென்ட் தருவதாகவும், பிறர் எவர்க்கும் இதனைச் சொல்லுதல் கூடாதென்றும் பயிற்சியாளர் உடன்பட்டாராம். தமக்குரியதைக் கேட்டுப் பெறுதலில் அவருக்குக் கூச்சம் என்றுமே இருந்ததில்லை என்பதற்கு இஃது ஓர் அறிகுறி.

1947இல் கியூபெக் நகரத்துச் சிட்டடெல்ஸ் என்னும் இளைஞர் குழுவிற் சேர்ந்தார். அக்காலத்திய காவலர்கள் கோலின் வாயிலைவிட்டு அகலுவதில்லை. அகலுதல் குற்றமெனவே கருதப்பட்டது. பிளாண்டோ கோலைவிட்டு வெளியே வந்து, பின்புறம் சுவரோரமாய் ஓடும் வட்டைத் தாமே சென்று நிறுத்தித் தம் குழுவினர்க்குத் தள்ளிக்கொடுக்கத் தொடங்கினார். இப்புதுமையின் தோற்றத்தைப்பற்றி அவரே நகைச்சுவை தோன்றக் கூறியிருக்கின்றார். அக்குழுவின் பின்காப்பாளருள் ஒருவருக்குப் பின்னோக்கிச் சறுக்கத் தெரியாதாம். மற்றொருவர் ஒருபுறமே திரும்ப வல்லராம். ஏனையோர் மிக மெதுவாய்ச் செல்பவராம். வட்டு பின்புறம் சென்றால் அதனை எடுத்துவர எவரும் இல்லை. தாமே போகவேண்டியதாயிற்று என்பது அவர் கூற்று. இதனிடத்து மிகையும் சிறிது கலந்திருத்தல் கூடும். ஆயினும், இக்காலத்துப் பனிக்கட்டி ஹாக்கிக் காவலர் அனைவரும் செய்யும் ஒரு செயல் இவ்வாறுதான் வேரூன்றிற்று. எதிரியின் வட்டு விதிமீறி நெடுந்தூரம் தள்ளப்பட்டதெனக் கண்டால் கையை உயர்த்தித் தம் குழுவினர்க்கு அறிவிக்கும் வழக்கத்தையும் பரப்பியவர் இவரே.

நிற்க, மான்ட்ரியல் நகரத்துக் கனேடியன்ஸ் என்னும் பெருங்குழுவினைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். பிரெஞ்சு மொழி பேசும் கனடியர்க்கு அது விளையாட்டுக் குழுமட்டுமன்று. அவர்தம் தன்மதிப்பின் சின்னம் என்றே சொல்லலாம். அக்குழுவின் பழைய காவலர் ஜார்ஜ் வெஸீனா என்பார் 1910 முதல் அதற்கு ஆடிவந்து, 1925 நவம்பரில் கடுங்காய்ச்சலோடு ஆடத் தொடங்கி இடையே தளர்ந்து, 1926 மார்ச்சில் காசநோயால் மாண்டார். அவர் நினைவாக நாட்டப்பெற்ற வெஸீனா கிண்ணம், ஒவ்வோராண்டும் மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுத்த குழுவின் காவலருக்கு அந்நாளில் வழங்கப்பட்டுவந்தது. பிளாண்ட் 1952-53ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பெருங்குழுவுக்கு முதன்முறை அழைக்கப்பட்டார். தாம் பின்னிய குல்லாயை அணிந்தே அவர் ஆட விரும்பினார். பயிற்சியாளர் டிக் இர்வின் அது கூடாதென்றார். தலைக்கவசத்துக்கன்று, வெறுங் கம்பளிக் குல்லாய்க்கே இத்தடை எனின், அக்காலத்து மனப்போக்கு எத்தகையதென்பது விளங்கும். எனினும், 1953 வசந்தத்தில் சிகாகோ குழுவோடு நிகழ்ந்த போட்டித் தொடரிலே தோல்வியின் விளிம்பில் நின்றபொழுது இர்வின் இவரையே நிறுத்தினார். இவர் ஒரு கோலும் விடாது தடுத்தார், தொடரும் வெல்லப்பட்டது.

1954-55 முதல் கனேடியன்ஸ் குழுவின் நிலையான காவலர் இவரே. மோரிஸ் ரிஷார்டு, ழான் பெலிவோ, டக் ஹார்வி முதலிய பெருவீரர் ஒருங்கு கூடியிருந்த காலம் அது. 1955இல் டோ பிளேக் என்பவர் பயிற்சியாளராய் வந்தார். 1956 தொடங்கி 1960 முடிய ஐந்தாண்டுகள் இடையறாது ஸ்டான்லி கிண்ணத்தை அக்குழு வென்றது; இன்றுவரையில் வேறெந்தக் குழுவும் அதனைச் செய்ததில்லை. அவ்வைந்தாண்டுகளிலும் வெஸீனா கிண்ணமும் பிளாண்டினிடமே இருந்தது.

அவரது ஆட்டத்தின் நுணுக்கம் யாது என்று கேட்பார்க்கு, அது பெரும்பாலும் கேத்திர கணிதம் என்றே விடை கூறலாம். கோலின் வாயில் 24 சதுர அடி. அதன் கோட்டின்மேலேயே காவலர் நிற்பாராயின், அடிப்பவன் கண்ணுக்கு இருமருங்கும் பெரிய வெளி தோன்றும். அடிப்பவனை நோக்கிச் சில அடிகள் முன்னேறி நின்றாலோ, அவன் கண்ணிலிருந்து இரு கம்பங்களுக்கும் செல்லும் கோடுகளுக்கிடையே காவலரின் உடம்பு பெரும்பகுதியை மறைத்துவிடும். விளக்கின் அருகே கையை நீட்டினால் சுவரில் நிழல் பெரிதாதல் போல்வது இது. ஆனால் மிகுதியும் முன்னே வந்துவிட்டால், அவன் வட்டைத் தோழனுக்குத் தள்ள, கோல் வெறுமையாய்விடும். எத்துணை முன்னேறுதல், எப்பொழுது பின்வாங்குதல் என்பதைக் கணத்திற்குக் கணம் அளந்தறிதலே திறமை. பிளாண்ட் இதனைக் கற்றதோடு பிறர்க்குக் கற்பிக்கவும் வல்லவராயிருந்தார். 1972இல் நூலொன்றும் எழுதி வெளியிட்டார். அளவிலே அவருக்கிருந்த கூர்மைக்கு ஒரு சான்று கூறுவோம். சில நகரங்களின் ஆடுதளங்களில் கோலின் குறுக்குக்கம்பம் விதித்த உயரத்தில் இல்லை என்று அவர் முறையிட்டார். தோற்றவன் சொல்லும் சாக்கு என்று பலர் சிரித்தனர். அளந்து பார்த்தபொழுது அவர் சொன்னதே சரியெனக் கண்டனர். கம்பத்திலே முதுகைச் சாய்த்து நிற்கும் வழக்கத்தினால், அது தம் முதுகில் எங்கே படுகின்றதென்பதைக்கொண்டே அவர் வேறுபாட்டை உணர்ந்தாராம்.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்குரிய செய்திக்கு வருவோம். கவசமில்லாத முகத்தோடு ஆண்டுதோறும் நின்றதன் விலை யாது? பிளாண்டின் மூக்கு நான்குமுறை உடைந்தது. 1954இல் ஒரு கன்னத்தெலும்பும், 1955இல் மற்றைக் கன்னத்தெலும்பும் முறிந்தன. இவ்விரண்டும் எதிரிகளாலன்று, பயிற்சிவேளையில் தம் குழுவினரே அடித்த வட்டுக்களால் நேர்ந்தவை. முகத்தில் இடப்பட்ட தையல்கள் ஏறக்குறைய இருநூறு. இவர் ஒருவர்க்கே நேர்ந்த துன்பமுமன்று இது. டெட்ராயிட் குழுவில் புகழ்பெற்ற டெர்ரி சாச்சக் என்னும் காவலர், தம் விளையாட்டு நாட்களில் முகத்திற் பட்ட காயங்கள் அனைத்தையும் ஒப்பனையால் ஒருங்கே தீட்டிக்கொண்டு நின்ற படமொன்றை 1966இல் ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்டது. கண்டோர் அதனை எளிதில் மறவார். கிளென் ஹால் என்பவர் 1955 முதல் 1962 வரை 502 ஆட்டங்களில் ஒன்றேனும் தவறாது கோலைக் காத்தார். ஆயினும் ஆட்டத்திற்கு முன் வாந்தியெடுப்பது அவருக்கு வழக்கமாயிருந்தது. அச்சம் அவரிடமும் இருந்தது என்பதே இதன் பொருள். அச்சத்தை உடம்பு ஒப்புக்கொண்டது. வாய் ஒப்புக்கொள்ளலாகாது என்பது அக்காலத்து ஒழுக்கம்.

முகத்தை மறைத்தல் பிளாண்டே முதன்முதற் கண்டதன்று. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1927இல் எலிசபெத் கிரகாம் என்னும் மாணவி, வாட்போர்ப் பயிற்சியில் அணியும் கம்பிவலை முகமூடியை அணிந்து கோல் காத்தார். ஆடவர் செய்யத் தயங்கியதை அம்மாணவி தயங்காது செய்தார் என்பது நம் கல்லூரிப் பெண்மணிகள் குறித்துக்கொள்ளற்பாலது. 1930இல் கிளிண்ட் பெனடிக்ட் என்னும் காவலர், மூக்கு உடைபட்டபின் தோலாலாகிய மூடியொன்றை அணிந்து சில ஆட்டங்களில் நின்றார். மூக்கை மறைக்கும் பகுதி பார்வையைத் தடுத்தமையால் அதனைக் கைவிட்டார். 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் ஜப்பானியக் காவலர் தெய்ஜி ஹோன்மா முகமூடி அணிந்திருந்தார். எனவே கருவி புதிதன்று. இடைவிடாது அணிந்து ஆடலாம், ஆடியும் வெல்லலாம் என்று பெருங்குழுக்களின் போட்டியில் நாட்டியதே பிளாண்டின் செயல்.

பிளாண்ட் சில ஆண்டுகளாகவே பயிற்சியின்போது மட்டும் ஒரு கவசம் அணிந்துவந்தார். போட்டி ஆட்டத்தில் அணியப் பிளேக் இசையவில்லை. 1958இல் ஓர் ஆட்டத்தில் இவர் நெற்றியில் அடிபட்டு வீழ்ந்ததனைக் கண்ட பில் பர்ச்மோர் என்பவர் இதனைக் குறித்துச் சிந்தித்தார். அவர் கண்ணாடி நார் கொண்டு பொருள்கள் செய்யும் ஒரு தொழிலகத்தில் வேலை பார்த்தவர். முகத்துக்கு முன்னே தனியாக நிற்கும் மூடியாயின் அது பார்வையை மறைக்கும். தோலோடு தோலாய் ஒட்டிப் படியும் மூடியாயின் மறைக்காது என்பது அவர் கருத்து. 1959இல் மான்ட்ரியல் மருத்துவமனை ஒன்றிலே பிளாண்டின் முகத்தின்மேல் சாந்து பூசி அச்செடுத்தனர். அவ்வச்சின்மேல் கண்ணாடி நாரையும் பிசினையும் படலம் படலமாக வார்த்துத் தோலின் நிறமுள்ளதொரு மூடி செய்யப்பட்டது. அதன் நிறை ஏறக்குறைய 14 அவுன்ஸ். கண்ணுக்கும் வாய்க்கும் துளைகள் உண்டு. பார்ப்பதற்கு அழகியதன்று, மண்டையோட்டை நினைவூட்டுவது. தமிழில் முகமூடி என்றவுடன் கள்வர் நினைவு வருதல்போல, அந்நாட்டுப் பத்திரிகைகளும் அதனைப் பேய்முகமெனப் பரிகசித்தன.

1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரவு. நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கிலே ரேஞ்சர்ஸ் குழுவோடு ஆட்டம். தொடங்கி மூன்று நிமிடமளவிலே, ஆண்டி பாத்கேட் என்னும் வன்மைமிக்க ஆட்டக்காரர் அண்மையிலிருந்து அடித்த வட்டு பிளாண்டின் முகத்திற் பாய்ந்தது. மூக்கினருகே தொடங்கி மேலுதடுவரை கிழிந்தது. பனியின்மேல் குருதி பரவ, அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். மருத்துவர் ஏழு தையல் இட்டார். இருபது நிமிடமளவு ஆட்டம் நின்றது. பதினாயிரக்கணக்கானோர் காத்திருந்தனர்.

அக்காலத்தில் குழுக்கள் தம்முடன் இரண்டாவது காவலரை அழைத்துச் செல்வதில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். காவலருக்குத் தீங்கு நேரின், அவ்வரங்கத்தார் அமர்த்தி வைத்திருக்கும் தொழில்முறையல்லாத ஒருவரை இரவல் வாங்கி நிறுத்தவேண்டும். பிளேக்கிற்கு அதனினும் தோல்வியே மேல் என்று தோன்றியிருக்கும். தையலிட்ட அறைக்கு வந்து, ஆடமுடியுமா என்று கேட்டார். கவசம் அணிந்தாலன்றி மீண்டும் பனிமேல் வாரேன் என்றார் பிளாண்ட். நான்காண்டு வாதம் ஒரு வாக்கியத்திலே முடிந்தது. காயம் ஆறும்வரையில் மட்டும் அணிந்துகொள்ளலாம் என்று பிளேக் இசைந்தார். வெளிறிய அம்மூடியோடு பிளாண்ட் பனிமேல் வந்தபொழுது அரங்கம் வியந்து நோக்கிற்று. ஆட்டம் 3-1 என்னும் கணக்கிற் கனேடியன்ஸ் வென்றது.

பிளேக்கைக் கொடியராக எண்ணுதல் தகாது. அவரும் முன்னாட்களிற் சிறந்த ஆட்டக்காரர். 1968 வரை பயிற்சியாளராயிருந்து எட்டுமுறை ஸ்டான்லி கிண்ணத்தை வென்று தந்தவர். அவருடைய ஐயங்கள் இரண்டு. காலடியில் வரும் வட்டைக் கவசத்தின் கீழ்விளிம்பு மறைக்கும் என்பது ஒன்று. இதனிடத்து ஓரளவு உண்மையிருந்தது, பெனடிக்டின் அனுபவமும் அதுவே. தீங்கு வாராதென்னும் எண்ணம் காவலரின் விழிப்பைக் குறைக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது ஐயமே எங்குஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. அச்சமுடையவனே முகத்தை மூடுவான் என்றும் அதற்குப் பொருள் விரித்தனர். பிளாண்ட் இதற்குச் சொன்ன விடை நேரியது: வான்குடையின்றி விமானத்தினின்று குதிப்பவன் வீரனாவனோ என்று அவர் கேட்டார். எமக்குத் தோன்றுவது, இவ்விடையினும் அவருடைய செயலே சிறந்த விடை என்பதாம். கண்ணிமைத்தல் என்பது எவரும் தம் விருப்பத்தால் அடக்கவொண்ணாத உடலின் இயல்பு. முகத்தை நோக்கி வட்டு வரும்போது, கவசமில்லாதவன் எத்துணை நெஞ்சுரமுடையவனாயினும், கணநேரமேனும் தலையைத் திருப்புவான். கவசமுடையவன் கடைசிவரை வட்டைப் பார்த்துக்கொண்டேயிருக்கலாம். ஆகவே கவசம் விழிப்பைக் குறைப்பதன்று, கூட்டுவதே என்பது கணக்கிலே வெளிப்பட்டது. அப்பருவத்தில் கனேடியன்ஸ் 18 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியுறாது நின்றது. அவற்றுள் பதினொன்றில் பிளாண்ட் கவசம் அணிந்திருந்தார். காயம் ஆறிற்று, கவசத்தைக் கழற்று என்று சொல்லப் பிளேக்கிற்கு வாய் வரவில்லை. 1960 மார்ச் 8இல் மட்டும், பிளேக்கின் வேண்டுகோளுக்கிணங்கி வெறுமுகத்தோடு டெட்ராயிட் குழுவை எதிர்த்து ஆடினார். 3-0 என்னும் கணக்கில் தோல்வி. அடுத்த ஆட்டத்திலே கவசம் மீண்டது. அவ்வசந்தத்தில் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று, ஐந்தாம் ஸ்டான்லி கிண்ணத்தைக் குழு கைப்பற்றியது.

இதன்பின்னர் எல்லாம் இனிதே சென்றதென்று எண்ணற்க. 1960-61இல் முழங்கால் நோயினால் ஆட்டம் தளர்ந்தது. சிறுகுழு ஒன்றுக்குச் சிலகாலம் அனுப்பப்பட்டார். பின் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1961இல் டக் ஹார்வி குழுவைவிட்டு நீங்கவே, இதுகாறும் பிளாண்டைக் காத்துவந்தவர் ஹார்வியே, இனி இவர் கதை முடிந்தது என்று சொன்னோர் பலர். அடுத்த பருவத்தில் 70 ஆட்டங்களிலும் அவரே நின்று 42இல் வென்றார். வெஸீனா கிண்ணம் ஆறாம் முறையாகக் கிடைத்தது. அன்றியும், எல்லா ஆட்டக்காரருள்ளும் தம் குழுவுக்கு மிகவும் இன்றியமையாதவர்க்கு அளிக்கப்படும் ஹார்ட் கிண்ணமும் 1962இல் அவருடையதாயிற்று. அதன்பின் ஒரு காவலர் அதனைப் பெற 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிளேக்கிற்கும் இவருக்கும் இடையே மனக்கசப்பு நாளடைவில் முற்றியது. டொராண்டோ நகரிற் குழுவினர் தங்கும் விடுதியில் மூச்சு முட்டுகின்றதென்று சொல்லி இவர் வேறிடத்தில் தங்குவார். நோயைக் கண்ணாற் காணமுடியாமையின் பிளேக் நம்புவதில்லை. 1963இல் இவர் நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். பரிமாற்றத்தில் மான்ட்ரியலுக்கு வந்தவருள் ஒருவர் கம்ப் வோர்ஸ்லி. கவசத்தை வெறுத்தவருள் முதன்மையானவர். அவரும் தம் கடைசிப் பருவமான 1973-74இல் கவசம் அணிந்தார். ரேஞ்சர்ஸ் அக்காலத்தில் வலியற்ற குழு. அங்கே பிளாண்டுக்குச் சிறப்பில்லை. 1965இல் ஓய்வு பெற்றார்.

அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் தேசக் குழு மான்ட்ரியலுக்கு வந்தது. அதனை எதிர்த்த இளைஞர் குழுவுக்குக் காவலராக நிற்குமாறு பிளாண்டை வேண்டினர். 2-1 என்று அவர் நின்ற குழு வென்றது. அன்றிரவு அவர் காத்த திறனைக் கண்டோர், இவர் ஓய்வுபெற்றது பொருத்தமோ என்று ஐயுற்றனர். 1967இல் பெருங்குழுக்கள் ஆறிலிருந்து பன்னிரண்டாயின. புதிய குழுக்களுள் ஒன்றாகிய செயின்ட் லூயிஸ் புளூஸ், 1968இல் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே மற்றொரு காவலர் முன்னர்க் கூறிய கிளென் ஹால். இருவரும் மாறிமாறிக் காத்து 1969இல் வெஸீனா கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டனர். பிளாண்டுக்கு அது ஏழாவது, வயதோ நாற்பது.

1970 மே மாதத்தில், பாஸ்டன் குழுவோடு நிகழ்ந்த இறுதிப் போட்டியின் முதலாட்டத்தில், இடையே ஒருவர் மட்டையிற் பட்டுத் திசைமாறிய வட்டொன்று பிளாண்டின் நெற்றியைத் தாக்கியது. கவசம் பிளந்தது, அவர் உணர்விழந்து வீழ்ந்தார். மருத்துவமனையிற் கண்விழித்தபின், கவசமே தம் உயிரைக் காத்தது என்றார். பதினோராண்டுக்கு முன்னர் அவர் பிளேக்கினிடம் பிடித்த பிடிவாதம் இல்லையாயின், அவ்விரவு வேறுவிதமாய் முடிந்திருக்கும்.

அத்தோடு அவர் நின்றாரா எனின், இல்லை. அக்கோடையிலே டொராண்டோ குழுவுக்கு மாறி, 1970-71 பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 1.88 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்து, காவலர் அனைவரிலும் முதன்மை பெற்றார். அப்போது அவர்க்கு வயது 42. அங்கே பெர்னி பேரண்ட் என்னும் இளங்காவலர் அவரை அடுத்து வந்து சேர்ந்தார். இளமையில் தாம் போற்றிய வீரரிடமே மாணாக்கராகும் பேறு பேரண்டுக்குக் கிடைத்தது. எங்கே நிற்பது, எக்காலில் ஊன்றுவது, எவ்வட்டை விட்டுவிடுவது என்பனவற்றைப் பிளாண்ட் மறைக்காது உரைத்தார். தம் இடத்தைப் பறிக்கக்கூடியவனுக்குத் தொழில் நுட்பத்தை முற்றும் சொல்லிக்கொடுப்போர் எத்தொழிலிலும் அரியர். பேரண்ட் பின்னர்ப் பிலடெல்பியா குழுவில் நின்று 1974லும் 1975லும் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார்.

ஈண்டு ஒரு விந்தையையும் கூறாது விடுதற்கில்லை. 1972 செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரரும் சோவியத் வீரரும் எட்டு ஆட்டங்களில் மோதினர். எட்டிலும் கனடாவே வெல்லும் என்று பிளாண்ட் முன்னுரைத்திருந்தார். முதல் ஆட்டத்துக்கு முன் அவர் சோவியத் வீரரின் உடைமாற்றும் அறைக்குச் சென்று, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாயிலாக, இருபதே வயதான விளாடிஸ்லாவ் டிரெட்டியாக் என்னும் காவலருக்குக் கனடிய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எவ்வாறு அடிப்பர் என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். அவ்விளைஞனிடத்து இரக்கங்கொண்டே செய்தார்போலும். அன்று சோவியத் குழு 7-3 என்று வென்றது. டிரெட்டியாக் இவ்வுதவியை நன்றியோடு பின்னர் எழுதியிருக்கின்றார். தம் நாட்டுக்கு இது தகுமா என்று வினவுவாரும் உளர். எம் கருத்தில், காவலர் என்பார் எக்கொடியின்கீழ் நிற்பினும் ஒரே குலத்தவர் என்று அவர் எண்ணினார் என்பதே பொருந்தும்.

1973இல் பாஸ்டன் குழுவுக்குச் சிலகாலம் ஆடினார். அதன்பின் போட்டிச் சங்கமொன்றைச் சார்ந்த கியூபெக் குழுவுக்கு ஓராண்டு பயிற்சியாளராயும் மேலாளராயும் இருந்தார். அவ்வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1974-75இல், தம் 45ஆம் வயதில், எட்மன்டன் ஆயிலர்ஸ் குழுவுக்காக மீண்டும் கோலின்முன் நின்று, அத்தோடு ஆட்டத்தை நிறைவு செய்தார். தேசிய ஹாக்கிச் சங்கத்தில் அவர் ஆடிய பருவ ஆட்டங்கள் 837, வென்றவை 437, ஒரு கோலும் விடாது காத்தவை 82. கவசங்கள் செய்து விற்கும் தொழிலகமொன்றையும் அவர் தொடங்கி நடத்தினார். 1974 ஏப்ரலில் ஆண்டி பிரவுன் என்னும் காவலர் வெறுமுகத்தோடு ஆடியதே அச்சங்கத்தில் அவ்வாறு ஆடிய கடைசி ஆட்டம்; ஆக, நியூயார்க்கின் அவ்விரவிலிருந்து பதினைந்தாண்டுக்குள் வெறுமுகம் என்பது பழங்கதையாயிற்று.

1978இல் ஹாக்கிப் பெருமை மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பிற்காலத்தைச் சுவிட்சர்லாந்தில் கழித்த அவர், வயிற்றுப் புற்றுநோயினால் 1986 பிப்ரவரி 27இல் ஜெனீவாவில் காலமானார். அந்நாட்டுச் சியேர் நகரில் அவரது கல்லறை உள்ளது. மான்ட்ரியலில் அவர் அணிந்த முதலாம் எண் சட்டையை இனி எவரும் அணிதலாகாதென 1995இல் கனேடியன்ஸ் குழு விதித்தது. அக்குழுவுக்காக அவர் பெற்ற 314 வெற்றிகள் என்னும் எண்ணிக்கையை, கேரி பிரைஸ் என்னும் காவலர் 2019 மார்ச்சில் கடந்தார்.